புதுப்பிப்பு: படுக்கையறைக்கு எந்தப் பச்சை? முடிவாகிவிட்டது

வடக்குப் பார்த்த அறையின் சுவர் பெயின்டுக்குச் சாம்பல் ஓடிய பச்சையா, மஞ்சள் ஓடிய பச்சையா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஷேட் கார்டில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. 200 மில்லி சாம்பிள் டப்பாக்கள் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோட் அடித்தேன். ஈரத்தில் வெளிறித் தெரிந்தவை காய்ந்ததும் ஒரு படி கருத்தன. மறுநாள் வரை பொறுத்தது நல்லதாயிற்று. பகலில் பெரிய வித்தியாசமில்லை. ராத்திரி 6500 கெல்வின் (நீலம் ஓடிய வெள்ளை வெளிச்சம்) எல்இடி ட்யூப் போட்டதும் சாம்பல் பச்சை அப்படியே ஆஸ்பத்திரிச் சுவர்! மற்றது காய்ந்த கறிவேப்பிலை நிறத்தில் நின்றது. சரி, அதுவே. "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்று பெயின்டர் அண்ணன் இன்னும் சொல்கிறார். விளக்கையும் 3000 கெல்வினுக்கு (மஞ்சள் ஓடிய வெளிச்சம்) மாற்றினேன். அப்புறம்தான் அம்மா முகத்தில் திருப்தி.