‘ஆற்றேன்’ என்று சொன்ன மத்தியானம்

கெடிலக்கரை:

உடம்பும் மனசும் விட்டுப்போன நேரத்தில் கடவுள் உங்களை எப்படித் தாங்கினார் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையில் அற்புதம் எதுவும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருடம் ஆகிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து வாரம் இரண்டு முறை கடலூர் போய் டயாலிசிஸ், அதாவது மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது, செய்துகொண்டு வருகிறோம். ஊசி குத்தி மெஷினில் போட்டால் நான்கு மணி நேரம். முடிந்து எழுந்து வரும்போது அவர் முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், அதற்குள் ரசமும் மோரும் மாத்திரைக்குக் குடிப்பதும் அடக்கம். பண்ருட்டியில் பிறந்து வளர்ந்த மனிதருக்குப் பலாச்சுளை கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். சீசனில் ரோட்டோரம் பழத்தை மலையாகக் குவித்திருப்பார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நானும் நம்புகிற மாதிரி இருப்பேன்.

இடது கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடம். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ‘கிர்ர்’ என்று ரத்தம் ஓடுவது தெரியும். அது நின்றுவிட்டால் அடைப்பு என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து இருட்டிலேயே தொட்டுப் பார்ப்பேன். ஓடுகிறதா? ஓடுகிறது. சரி, படுக்கலாம். இப்படித்தான் என் தூக்கம்.

வருகிறவர்கள் எல்லாம் “நீ தைரியசாலிம்மா” என்றுதான் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்றவே பாதி சக்தி போனது. அவர் முன்னால் அழுததில்லை. சாமி முன்னாலும் அழுததில்லை. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எல்லாம் நல்லா இருக்கணும்” என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன வருடம் ஒரு மத்தியானம் பண்ருட்டிக்கு மருந்து வாங்கப் போனேன். திரும்புகிற பஸ்ஸில் ஏறாமல், ஏனென்று தெரியவில்லை, திருவதிகை கோயிலுக்குப் போனேன். நடை சாத்துகிற நேரம், கூட்டமே இல்லை. ஒரு பெரியவர் தூணில் சாய்ந்துகொண்டு தனக்குத்தானே அப்பரின் ‘கூற்றாயினவாறு’ பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பர் சூலை நோயோடு, கொடிய வயிற்று வலியோடு, வந்து விழுந்து பாடியது அந்தச் சன்னிதியில்தான். சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று காதில் விழுந்தது. ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்று அப்பர் பாடவில்லை. குடலைப் பிடித்து முடக்குகிறது என்று வயிற்று வலியை அப்படியே சொல்லிவிட்டு, ‘ஆற்றேன் அடியேன்’ என்கிறார். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நாவுக்கரசர் என்று பேர் வாங்கப்போகிறவர் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆனால் என்னை உடைத்தது அப்பர் இல்லை, அவருடைய அக்கா திலகவதியார். அப்பாவும் அம்மாவும் போய், கட்டிக்கொள்ள இருந்தவரும் போரில் இறந்து, தானும் போய்விடலாம் என்று நினைத்தவர் தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விட்டார். இந்த அம்மா அதே கோயிலில் விளக்குமாறு பிடித்துப் பெருக்கினார், சாணம் போட்டு மெழுகினார், பூக்கட்டினார். நோய் வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனவரும் அவர்தான். நோயாளியைப் பற்றி எல்லோரும் பாடுவார்கள். பக்கத்தில் நின்றவளை யார் கேட்டார்கள்? இதை நினைத்ததும் அப்படி ஒரு அழுகை வந்தது. பெரியவர் பாட்டை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி அவரிடம், “என்னால முடியலைங்க” என்றேன். “தெரியும், நீயா சொல்லணும்னு இருந்தேன்” என்றார். மறுநாள் நாத்தனாருக்கு போன் செய்தேன். வாரத்தில் ஒரு நாள் அவர் கூட்டிப்போகிறார் இப்போது. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள். அதை சாமி கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன்.

தூத்தூர் கடல்:

அக்கா, பக்கத்தில் நின்றவளை யார் கேட்டார்கள் என்று எழுதினீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். புயல் வருகிற சேதி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, போட்டுகள் கிளம்பி நாளாகியிருந்தது. எங்கள் கரையில் திரும்பாத பிள்ளைகள் நிறைய. அண்ணனும் வரவில்லை, உடம்பும் வரவில்லை.

ஒரு வருடம் போல எனக்கு செபம் வரவில்லை. வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போவேன், வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல். பின் பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையைக் கையில் வைத்திருப்பேன். உதடு அசையாது, விரல் மட்டும் மணி மணியாக நகரும். 53 மணி, அருள் நிறைந்த மரியே ஒன்றுகூடச் சொல்லாமல். சுற்றியிருந்த பெண்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சேர்த்து அவர்கள் சொன்னார்கள் என்று பின்னால்தான் தோன்றியது.

கல்லறைத் திருநாள்தான் கொடுமை. நவம்பர் 2 அன்று எல்லோரும் கல்லறையில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்களுக்குக் கல்லறை கிடையாது. அம்மாவும் நானும் கரைக்குப் போனோம். காற்றில் திரி நிற்கவில்லை, இரண்டு தீப்பெட்டிக் குச்சியும் வீணானது. அம்மா உட்கார்ந்து கையாலேயே மணலைத் தோண்டினார், முழங்கை மறையும் அளவுக்கு. குழிக்குள் திரியை நட்டு ஏற்றினோம். நின்று எரிந்தது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தால்தான் வெளிச்சம் தெரியும். அப்படிக் குனிந்திருந்தபோது என் வாயில் செபம் வந்தது. ஏன் என்று விளக்கத் தெரியாது எனக்கு.

மடிப்பாக்கம் வாசி:

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன். அம்மாவுக்குக் கேன்சர் வந்தபோது நான் வைக்காத வேண்டுதல் இல்லை. மொட்டை போட்டேன், நடந்து பழனிக்குப் போனேன். அம்மா போய்விட்டார். அப்பருக்குச் சூலை தீர்ந்ததே, அதைக் கதையில் எல்லோரும் வசதியாகக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். தீராதவர்களுக்கு யார் பதிகம் பாடினார்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை. இரண்டு வருடமாகப் பூஜை அறைக் கதவைத் திறக்கவில்லை, ஆனால் இப்படி யாராவது எழுதினால் முழுசாகப் படித்துவிடுகிறேன்.

தூத்தூர் கடல்:

அண்ணா, பைபிளில் வரும் புனித பவுலுக்கும் தீரவில்லை. உடம்பில் ஏதோ ஒரு முள், அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டார். எடுக்கப்படவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கே சில நாள் போதவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்காக ஒரு திரி ஏற்றுகிறேன், பரவாயில்லையா?

மடிப்பாக்கம் வாசி:

ஏற்றுங்கள்.

கெடிலக்கரை:

தம்பி, நீங்கள் சொன்ன இடம் எனக்கும் உறுத்தும். அப்பருக்குத் தீர்ந்தது, இவருக்குத் தீராது, டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். மாற்று கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். சில நாள் பதிகத்தில் அந்த முதல் பாட்டோடு நிறுத்திவிடுவேன், மேலே போக மனசு வராது. பூஜை அறைக் கதவு கிடக்கட்டும். கோபமும் சாமியிடம்தானே படுகிறீர்கள்.

ஒருவர் தாகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டிருந்தார். ஐஸ் ட்ரேயில் தண்ணீரை அளந்து ஊற்றி உறைய வைத்துவிடுங்கள், கேட்கும்போது ஒரு கட்டி வாயில் அடக்கிக்கொள்ளலாம், ரொம்ப நேரம் வரும். கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். நாளைக்கு எங்களுக்கு டயாலிசிஸ் காலை ஷிஃப்ட், நாலரைக்கு எழ வேண்டும். நாளை என் முறை இல்லை, நாத்தனார் போகிறார். இருந்தாலும் எழுந்துவிடுவேன், இட்லி கட்டிக் கொடுக்க வேண்டும்.