புதுப்பிப்பு: பவர் பேங்க் ஏன் இரண்டு முறை ஏற்றவில்லை?

ஃபெஞ்சல் புயலில் கரண்ட் இல்லாமல் கடலூரில் தவித்த பிறகு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். 5,000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு முறை ஏறவில்லையே, போலியா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

போலி இல்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதை 5 வோல்ட்டாக ஏற்றும்போதும், போன் மறுபடி இறக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் சூடாகப் போய்விடுகிறது. எனக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை ஏறியது, அது சரிதான். பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், அதாவது உண்மையில் வெளியே கிடைக்கும் அளவான ‘ரேட்டட் கெப்பாசிட்டி’யைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அண்ணன் சொன்னது இன்னும் உதவியாக இருந்தது. சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீருமாம். டவர் போய்விட்டால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பாருங்கள்.