புதுப்பிப்பு: பெரியவனும் குட்டியும் ஹாலுக்கு வந்துவிட்டார்கள்

வயதான காக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) இருக்கும் வீட்டுக்குக் குஞ்சு ஒன்றைக் கொண்டுவரலாமா, பெரியவன் கொத்திவிடுவானா என்று முன்பு கேட்டிருந்தேன். நோய் ஏதும் இருந்தால் பெரியவனுக்கு ஒட்டாமலிருக்க, குட்டியை 30 முதல் 45 நாள் தனி அறையில் வையுங்கள் என்று பலரும் சொன்னீர்கள். அல்சூரில் எங்களுடையது சின்ன வீடு, அதனால் குட்டிக்கு என் படுக்கையறைதான் கிடைத்தது. மனிதருக்கும் ஒட்டக்கூடிய சிட்டகோசிஸ் என்ற பறவை நோய் இல்லை என்று பறவை மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகே கூண்டை ஹாலுக்கு நகர்த்தினோம்.

முதலில் எட்ட வைத்தோம், அப்புறம் பக்கத்தில். பெரியவன் கொண்டையைத் தலையோடு படியவைத்து உஸ்ஸென்று சீறினான். குட்டிக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது? தலையை ஆட்டி ஆட்டி அவனிடமே இரை கேட்டது. அவன் திகைத்துப் பின்வாங்கி ஊஞ்சலில் ஏறிக்கொண்டான். "பாவம்டா, பெரியவனுக்குத்தான் பயம்" என்றார் அம்மா.

நீங்கள் சொன்னதில் ரொம்ப உதவியது, தீனியை எப்போதும் பெரியவனுக்கே முதலில் வைப்பதுதான். வெளியே விடுவது இருவருக்கும் சொந்தமில்லாத சாப்பாட்டு மேஜையில். இப்போது ஒரே தினைக்கதிரை ஆளுக்கொரு முனையில் கொறிக்கிறார்கள். குட்டி ரொம்ப நெருங்கினால் அலகைத் திறந்து காட்டுகிறான், கொத்துவதில்லை. இரவில் தனித்தனிக் கூண்டுதான். அதை மாற்றும் எண்ணமில்லை.

பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்கட்டீல் ஆஸ்திரேலியப் பறவை, அதனால் அந்தத் தடையில் வராது.