உருகிய பாட்டிலின் முன் நின்ற நேரம்

முதல் பதிவு

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஷோமெய் தோமட்சுவின் அந்தப் படத்தைக் கண்காட்சியில் பார்த்து மூன்று வாரங்கள் ஆகியும் மனம் ஆறவில்லை. அணுகுண்டு வெடித்த 11:02 மணிக்கு நின்றுபோன நாகசாகிக் கைக்கடிகாரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என்னை நிறுத்தியது அதற்கு அடுத்திருந்த படம். தோலுரித்துத் தொங்கவிட்ட விலங்கின் உடல் என்றே எண்ணி, அதன் வளைவுகளில் வழிந்த ஒளியை ரசித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகுதான் குறிப்பு அட்டையைப் படித்தேன்: அணுகுண்டின் வெப்பத்தில் உருகிய பாட்டில், 1961. அதை ரசித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் பதிவு

இதற்காக நீங்கள் வருந்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படம் வெறும் சான்றாக நிற்க வேண்டும் என்று தோமட்சு எண்ணியிருந்தால், அருகில் ஓர் அளவுகோலை வைத்தே எடுத்திருப்பார். 1961இல் ஒரு தொகுப்புக்காக நாகசாகிக்குப் போனவர், பிறகும் திரும்பத் திரும்பச் சென்று, 1998இல் அங்கேயே குடியேறினார். அப்படிப்பட்டவரின் படத்தில் அழகு தற்செயலாக வந்திருக்காது.

என்னை விடாமல் தொடர்வது இன்னொரு ஜப்பானியப் புகைப்படக் கலைஞரான கென் தோமோன், ஜப்பானின் சிக்குஹோ நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் எடுத்த வகுப்பறைப் படம். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் வந்து சுரங்கங்கள் மூடப்பட்ட காலம் அது. மதிய உணவு கொண்டுவராத பிள்ளைகள், பக்கத்தில் சாப்பிடுகிறவர்களைப் பார்க்காமலிருக்கப் புத்தகத்தை விரித்து அதிலேயே கண்ணைப் பதித்திருக்கிறார்கள். பசியை மறைக்க இவ்வளவு சிறிய வயதிலேயே கற்றுக்கொண்டார்களே என்ற நினைப்பில் அடுத்த அறைக்குப் போக எனக்குக் கால் எழவில்லை.

மூன்றாம் பதிவு

இருவரும் சுவரில் மாட்டிய படங்களையே பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தலைமுறைப் புகைப்படக் கலைஞர்களுக்குப் புத்தகமே படைப்பின் முழுமையான வடிவம். சிக்குஹோ படங்களைத் தோமோன் 1960இல் மலிவான தாளில் அச்சிட்டு 100 யென்னுக்கு விற்கச் செய்தது, எளியவர்களும் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். நான் கண்காட்சிக்குப் போனபோது, அதே தலைமுறைப் புகைப்படக் கலைஞர் கிகுஜி கவாடாவின் 1965ஆம் ஆண்டுப் படநூலான 'வரைபடம்' கண்ணாடிப் பேழைக்குள், பக்கம் புரட்ட முடியாதபடி ஒரே விரிப்பில் கிடந்தது; ஏமாற்றத்தோடு திரும்பினேன்.

ஆகவே சொல்கிறேன், அடுத்த முறை கண்காட்சியோடு நின்றுவிடாதீர்கள். தோக்கியோவில் எபிசு நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள புகைப்படக் கலை அருங்காட்சியகத்தில் நூலகமும் இருக்கிறது. கவாடாவின் நூலுக்கு மறுபதிப்புகள் வந்துள்ளன. ஒன்று கிடைத்தால் அவசரப்படாமல் ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து பாருங்கள். அணுகுண்டில் சிதைந்தும் நிற்கும் ஹிரோஷிமா குவிமாடக் கட்டடத்தின் கறைகள் ஒரு மடிப்பில் விரியும். மற்றொன்றில் கொக்கோ கோலா பாட்டில்கள் கிடக்கும். பக்கங்கள் இருபுறமும் விரிபவை என்பதால், மேசையில் தாராளமாக இடம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.