பொது வினாத்தாள்: வன்னிப் பாடசாலைகளில் கண்டதும் பட்டதும்

வவுனியா வடக்கிலிருந்து ஓர் ஆசிரியர்:

மாணவர் தொகை குறைந்த கல்வி வலயங்களில், தவணைப் பரீட்சைக்குப் பாடசாலைகள் தாமே வினாத்தாள் தயாரிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரே வினாத்தாளைக் கட்டாயமாக்க வேண்டுமா என்ற விவாதம் எங்கள் பாடசாலையில் மறுபடியும் தொடங்கியிருக்கிறது. அபிப்பிராயங்களை நிறையக் கேட்டாயிற்று. ஆசிரியராகவோ மேற்பார்வையாளராகவோ பெற்றோராகவோ நேரில் கண்டவற்றை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

வணக்கம் தம்பி. பொது வினாத்தாள் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பதினொராம் தரத்தில் இருபது பிள்ளைகள்கூட இல்லாத ஒரு பாடசாலையில், கற்பிப்பவரே வினாத்தாளை எழுதி அவரே திருத்தவும் செய்யும்போது, தான் படிப்பித்து முடிக்காத அலகிலிருந்து அவர் வினாக் கேட்கப் போவதில்லை. தாயங்களும் வட்ட நாற்பக்கலும் தொடலிகளும் புத்தகத்தின் பிற்பகுதியில் தொடப்படாமலே கிடக்க, தவணைதோறும் எண்பதுக்குக் குறையாமல் வாங்கிய பிள்ளை சாதாரண தரத்தில் 35 புள்ளிக்குக் கீழே இறங்கி, சித்தியில்லை என்ற ‘டபிள்யூ’ பெறுபேற்றோடு வந்து நிற்கும். தாய் தகப்பனோ பரீட்சைத் திணைக்களம்தான் பிழை விட்டது என்று மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க அலைவார்கள். இதை நான் ஒரு பாடசாலையில் மட்டும் காணவில்லை. சிறிய இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: திருத்துபவருக்குப் பிள்ளையின் மாமனையும் தெரியும், மாமனின் வயலையும் தெரியும்.

வன்னியில் விடுதலைப் புலிகளின் தனிக் காவல்துறையும் தனி நீதிமன்றங்களும் தனி வங்கியும் இயங்கிய காலத்தில்கூட, பிள்ளைகள் எழுதிய பரீட்சை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தினுடையதாகவே இருந்தது. வினாத்தாள்கள் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து நேரத்துக்கு வருமா என்று காத்திருந்தோமே தவிர, இங்கேயே ஒரு பரீட்சை வைத்து ஒரு சான்றிதழ் தாருங்கள் என்று எந்தப் பெற்றோரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படியொரு சான்றிதழைக் கொண்டு பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், முட்கம்பி வேலிக்குள்ளேயே உயர்தரப் பரீட்சையும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் நடந்தன. கொழும்பில் தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்குக் கிடைத்த அதே தாள்தான் அங்கேயும் விரிக்கப்பட்டது. அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன் (மாதக்கணக்கில் பங்கருக்குள் கிடந்த பிள்ளைக்கு எந்தத் தாளும் நியாயமாகாது). ஆனாலும் அங்கே சித்தியடைந்தவர்களின் பெறுபேற்றை இன்றுவரை ஒருவரும் குறைத்துப் பேச முடியவில்லை.

தாள் ஒன்றாக இருப்பது வேறு, பெறுபேற்றை எந்த எல்லைக்குள் வைத்து ஒப்பிடுகிறோம் என்பது வேறு. 1974 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட அடிப்படை வந்தபோது, கிளிநொச்சி இன்னும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1984 இல் அது தனி மாவட்டமாகும்வரை, பூநகரிப் பிள்ளையும் யாழ் நகரத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கிறார்கள். வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. வலயத்துக்குள் பொதுப் பரீட்சை கொண்டுவருபவர்களும், எந்தப் பாடசாலையை எதனோடு ஒப்பிடுவது என்ற இந்தக் கணக்கை யோசிக்க வேண்டும்.

ஒரு சிறிய பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை:

சேர், நீங்கள் எழுதியது சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பொருந்தும். ஏழாம் தரத்தின் இரண்டாம் தவணைக்கு அது அவ்வளவு இலகுவாகப் பொருந்தாது. எங்களுக்கு வந்த பொது வினாத்தாளில் நுணுக்குக்காட்டியின் படம் பிரதிமேல் பிரதி எடுத்துக் கறுத்துப்போய், அம்புக்குறி எந்தப் பாகத்தைக் காட்டுகிறது என்று எனக்கே விளங்கவில்லை. பிள்ளைகள் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பக்கத்துப் பாடசாலையில் யாரும் வரைந்து காட்டவில்லையாம். அப்படியானால் இரண்டு பாடசாலைகளும் எழுதியது ஒரே பரீட்சைதானா?

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தபோது உயர்தரப் பரீட்சையை நாடு முழுவதும் இடைநிறுத்தி, டிசெம்பர் 4 இல் மீண்டும் தொடங்கினார்கள். தவணைப் பரீட்சை நாளில் எங்கள் குளம் வான் பாய்ந்து பாதை மூடினால் அப்படி ஒருவரும் நிறுத்துவதில்லை. பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும், அவ்வளவுதான். பிறகு பாடசாலைகளை வரிசைப்படுத்தி அதிபர்கள் கூட்டத்தில் வாசிப்பார்கள். பத்துப் பேர் மட்டும் எழுதும் வகுப்பில், வராத ஒரு பிள்ளையையும் சித்தியடையாதவராகக் கணக்கிட்டால், சித்தி வீதம் ஒரேயடியாகப் பத்தால் சரிந்துவிடுகிறது. நூற்றைம்பது பேர் எழுதும் நகரப் பாடசாலையில் அதே பிள்ளை ஒரு வீதம்கூட இல்லை. அந்த வரிசையைப் பார்த்துத்தான் நல்ல குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துக்கு மாற்றுகின்றன. ஐந்து பேர் போனால் எங்கள் வகுப்பில் மிச்சம் ஐந்து பேர்.

முழங்காவிலிலிருந்து ஒரு பெற்றோர்:

எங்களுக்குப் பொது வினாத்தாள் ஒரு தடவை கைகொடுத்தது. இடம்மாறிப் புதிய பாடசாலைக்குப் போனபோது, மகளின் பழைய பாடசாலைப் புள்ளிகளை அங்கே பொருட்படுத்தவில்லை. பொதுத் தாளில் எடுத்த கணிதப் புள்ளியைக் காட்டிய பிறகுதான் அவள் கேட்ட வகுப்பில் சேர்த்தார்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மீண்டும்:

தங்கச்சி, வரிசைப் பட்டியலை வாசிப்பது வேண்டாத வேலை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நான் கற்பித்த காலத்தில் அருகருகே இருந்த சில பாடசாலைகள் விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை ஒரே மண்டபத்தில் கூடியிருந்து திருத்தின. முதலில் எல்லோரும் ஒரே விடைத்தாளைத் தனித்தனியே திருத்திப் பார்த்தோம். படிமுறை காட்டாமல் சரியான விடையை மட்டும் எழுதிய ஒரு பிள்ளைக்கு ஒருவர் நான்கு புள்ளியும் கொடுத்தார், இன்னொருவர் ஒன்று கொடுத்தார். அந்த ஒரு வினாவிலேயே முற்பகல் போய்விட்டது. இறுதியில், விடைக்கு மட்டும் இரண்டு என்று முடிவாகி, அதைப் புள்ளித்திட்டத்தில் எழுதிக்கொண்டோம். அதன் பிறகு திருத்திய தாள்களைப் பற்றி ஒரு பெற்றோரும் முறையிடவில்லை. பயணச் செலவை யார் கொடுப்பது என்ற இழுபறியில் அந்த ஏற்பாடு அடுத்த வருடமே நின்றுபோனது.