கலைச்சொல் விவாதம்: வெயிலுரிமை

வணக்கம்.

நம் மொட்டைமாடியில் விழும் வெயிலைப் பக்கத்துக் கட்டடம் மறைக்காமல் காக்கும் உரிமைக்கு (ஆங்கிலத்தில் solar access) இந்த இழையில் சில சொற்கள் வந்துள்ளன. 'சூரிய அணுகல்' என்றால் சூரியனை நெருங்கிப் போவது போல் ஒலிக்கிறது. 'கதிருரிமை' கதிர்வீச்சை நினைவூட்டுகிறது. என் பரிந்துரை 'வெயிலுரிமை'. சோலார் மின்தகட்டுக்கு ஒளி வேண்டும், சோலார் வாட்டர் ஹீட்டருக்குச் சூடு வேண்டும். வெயில் என்றால் இரண்டும்தான்.

'ஒளியுரிமை' போதாதா என்று கேட்டிருந்தார்கள். போதாது. அடுத்தவர் சொத்தின்மேல் நமக்குள்ள வசதியுரிமைகளைச் சொல்லும் 1882 இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது: ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் இடையூறின்றி வந்த வெளிச்சத்தையும் காற்றையும் பிறகு யாரும் அடைக்க முடியாது. சன்னலுக்கு அது சரி. ஹீட்டரின் ஆயுளே 15, 20 ஆண்டுதான், அதுவரை காத்திருக்க முடியுமா? வெயிலுரிமை கட்டட அனுமதி விதியிலேயே இருக்க வேண்டும். புதுக் கட்டடங்களில் ஹீட்டர் வைக்கச் சொல்லும் விதி மட்டும் இருந்து, அதன்மேல் விழும் வெயிலுக்குக் காப்பு இல்லையென்றால் யார் நம்பிப் பணம் போடுவார்கள்? கலிபோர்னியாவில் 1978-லேயே சூரிய உரிமைகளுக்கெனச் சட்டம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மரநிழலுக்கும் தனிச் சட்டம் உண்டு.

சென்னைக் கணக்கைப் பாருங்கள். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். தென்புறத்து வீடு நம் மாடியைவிட மூன்று தளம், அதாவது 9 மீட்டர், உயர்ந்தால் உச்சிவேளை நிழலே ஆறரை மீட்டருக்கு மேல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். மாம்பலம், மயிலாப்பூர் மாதிரி நெருக்கமான தெருக்களில் கட்டடங்களுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? வெந்நீர் அதிகம் வேண்டியதும் அந்த மாதத்தில்தான். வெயிலால் குளிரூட்டும் இயந்திரங்களின் நிலை வேறு. அவை வெந்நீரின் சூட்டால் இயங்குபவை; அந்த 80, 90 டிகிரி வெந்நீர் தேவைப்படுவது கோடையில். ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் நண்பகல் நிழல் பெரிய தடையல்ல. ஆகவே விதிக்கு அளவுகோல் மார்கழிதான்.

வெயிலில் வாடும் ஊர் வெயிலை உரிமையாகக் கேட்குமா என்ற தயக்கம் எனக்கு இல்லை. வடாம் பிழியும் வீடுகளில் மாடி வெயிலின் அருமை தெரியும்.

வரையறையாக இப்படி எழுதலாம்: 'வெயிலுரிமை: ஒரு கூரையின் வெயிலேற்கும் பரப்பில், மார்கழியில் குறித்த நேர அளவுக்கு, அயல் கட்டடத்தின் நிழல் விழாதிருக்கும் உரிமை.' நிழல் போகக்கூடிய எல்லையை 'நிழல்வரம்பு' எனலாம். சட்டத் தமிழில் பழகியவர்கள் இதைத் திருத்தித் தாருங்கள்.