அஸ்பால்டீனுக்கு ‘வீழ்படிவு’ வேண்டாம், ‘திரைதல்’ என்போம்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

கச்சா எண்ணெயில் உள்ள கனமான கறுப்புக் கூறாகிய அஸ்பால்டீன் எண்ணெயை விட்டுப் பிரிந்து வருவதை ‘வீழ்படிவாதல்’ என்றே சொல்லலாம், பாடநூலில் இருக்கிற சொல்தானே என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அண்ணாச்சி.

வீழ்படிவு என்றால் விழுவதும் படிவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாக அடியில் போய் உட்காருகிறதே, அதற்கு அது பொருத்தம். எண்ணெய்க் கிணற்றில் நடப்பது வேறு. முதலில் அஸ்பால்டீன் எண்ணெயை விட்டுப் பிரிகிறது. அப்புறம் துகளோடு துகள் சேர்ந்து திரள்கிறது. அதற்குப் பிறகுதான், அதிலும் ஒரு பகுதி மட்டும், குழாய்ச் சுவரில் ஒட்டிப் படிகிறது. மிச்சம் எண்ணெயோடு மிதந்தபடியே மேலே வந்துவிடும். மிதக்கிற துகள் கூடினால் எண்ணெயின் பாகுநிலை ஏறும். சுவரில் படிந்தால் குழாயின் துளையே குறுகும். பொறியாளர் இரண்டையும் தனித்தனியாகத்தான் கணக்குப் போடுகிறார். மூன்று கட்டத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால் பாடம் படிக்கிற பிள்ளைக்கு எது எங்கே நடக்கிறது என்று எப்படி விளங்கும்?

முதல் கட்டத்துக்கு நான் முன்வைப்பது ‘திரைதல்’. பாளையங்கோட்டையானாலும் வள்ளியூரானாலும் நம் வீடுகளில் ‘பால் திரைஞ்சு போச்சு’ என்றுதான் சொல்கிறோம். பாலில் கேசின் புரதம் நுண்துகள்களாகப் பரவி நிற்கிறது; புளிப்பு ஏறியதும் அந்த நிலை குலைந்து தனியே திரண்டு வருகிறது. கச்சா எண்ணெயிலும் அஸ்பால்டீன் அப்படித்தான் பரவி நிற்கிறது. அதைக் கலையாமல் வைத்திருப்பதில் எண்ணெயிலுள்ள பிசின் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நெடுநாளைய விளக்கம். இங்கே புளிப்புக்குப் பதில் அழுத்தம். எண்ணெய் கிணற்றில் மேலேற மேலேற அழுத்தம் குறைகிறது, கரைந்திருக்கும் இலேசான வாயுக்கூறுகள் விரிகின்றன, எண்ணெயின் அடர்த்தி குறைகிறது, அஸ்பால்டீனைத் தாங்கும் வலுவும் போய்விடுகிறது. கரைந்திருக்கும் வாயு குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தத்தைக் குமிழ்ப்புள்ளி அழுத்தம் என்கிறோம்; அதற்குப் பக்கத்தில்தான் திரைதல் மிக அதிகம்.

இதற்குத்தான் நம் தங்கச்சி ஒருவர், ‘திரைந்த பால் மறுபடி பாலாகாது, குமிழ்ப்புள்ளிக்குக் கீழே அஸ்பால்டீன் மறுபடி கரையுமே’ என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அங்கே வாயு வெளியேறியபின் மிஞ்சும் எண்ணெய்க்குக் கரைக்கும் வலு திரும்புவது உண்மைதான். ஆனால் கரைவது மெல்ல நடக்கும், முழுதாகவும் நடக்காமல் போகலாம். சுவரில் இறுகியதை டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. அந்தத் திரும்புதலுக்கு ‘மீள்கரைதல்’ என்று தனிச்சொல் இருக்கட்டும். அதற்காகத் திரைதலைக் கைவிட வேண்டாம்.

‘உறைதல்’ என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைக் கச்சா எண்ணெயிலுள்ள மெழுகுக்கு விட்டுவைப்போம். மெழுகு குளிரில் உறையும், சூடு காட்டினால் உருகும். அஸ்பால்டீன் உருகாது, மேலும் மேலும் சூடாக்கினால் சிதைந்து கரியாகும்.

அஸ்பால்டீன் என்ற பெயருக்கும் வருகிறேன். பிரெஞ்சு வேதியியலாளர் பூசாங்கோ 1837இல் வைத்த பெயர் அது. கேட்டால் பென்சீன் மாதிரி ஒற்றைச் சேர்மம் போலத் தோன்றும், அப்படியில்லை. டொலுயீனில் கரையும், ஹெப்டேன் என்ற இன்னொரு கரைப்பானில் கரையாது என்ற குணத்தால் மட்டும் வகுத்த கூட்டம் அது. ஒரு கிராம் எண்ணெயில் 40 மில்லிலிட்டர் ஹெப்டேன் விட்டால் கரும்பழுப்புத் துகள்கள் பிரியும். வடிகட்டிக் கழுவி உலர்த்தினால் பளபளப்பான கறுப்புத் தூள் தாளில் நிற்கும். ஹெப்டேனுக்குப் பதில் பென்டேன் விட்டால் தூள் இன்னும் கூடும். கரைப்பானை மாற்றினால் அளவே மாறுகிற ஒன்றைச் சேர்மம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே அஸ்பால்ட்டுக்கு நாம் சொல்லும் நிலக்கீலில் இருக்கிற ‘கீல்’ என்ற சொல்லை எடுத்துக் ‘கீற்கூறு’ என்கிறேன். கச்சா எண்ணெயைப் பிரிக்கும் நான்கு கூட்டங்களும் நிறைவுற்ற கூறு, அரோமேட்டிக் கூறு, பிசின் கூறு, கீற்கூறு என்று ஒரே வரிசையில் அமைகின்றன.

கீற்கூறு நிறைய இருந்தால்தான் தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெனிசுவேலாவின் பொஸ்கான் எண்ணெயில் சுமார் 17 விழுக்காடு. பெரிய சிக்கல் இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசூத் எண்ணெயில் 0.2 விழுக்காடுகூட இல்லை. அங்கேதான் கிணறுகள் அடைத்துக்கொண்டன. அளவைவிட, அது எண்ணெயில் கலையாமல் நிற்கும் நிலைப்பே முக்கியம். திரைதல் என்ற சொல் அந்த நிலைகுலைவைச் சொல்கிறது, வீழ்படிவு சொல்வதில்லை.

தாமிரபரணிக் கரையில் எண்ணெய்க் கிணறு கிடையாது; ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடா எண்ணெய் வயல்களில் இந்தக் குழாய்களோடுதான் வேலை பார்க்கிறார்கள். ஊருக்குப் போன் போட்டால் தன் வேலையைத் தமிழில் சொல்ல அவர்களுக்குச் சொல் வேண்டும்.

திரையத் தொடங்கும் அழுத்தத்தைத் ‘திரைதொடக்க அழுத்தம்’ எனலாம். திரையாமல் இருக்கக் கிணற்றுக்குள் செலுத்தும் வேதிப்பொருளுக்குத் ‘திரைதடுப்பான்’ சரியா, அல்லது அது பெரும்பாலும் திரளாமல் பரத்தி வைக்கிற வேலையைத்தான் செய்கிறது என்பதால் ‘பரப்பி’ என்பதா? இதில் எனக்கு இன்னும் முடிவில்லை. அண்ணாச்சி சொல்லுங்கள்.